போனஸ் டமேஜ்: எங்கட மேசையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஞாயிறு பின்னேரங்களில் கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் ஆறு பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம், ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடித்துப் பகடை உருட்டும் கதை விளையாட்டு. கதை சொல்வதும் தீர்ப்புச் சொல்வதும் என் வேலை. பூதம் வந்தால் பயப்படாதவர்கள், பூதத்துக்கு எத்தனை அடி விழுந்தது என்ற கணக்கில் மட்டும் தேத்தண்ணி ஆறும் வரை சண்டை பிடிக்கிறார்கள். கேட்ட கேள்வியையே மறுபடி மறுபடி கேட்பதால் ஒருக்கா எழுதி வைக்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டு வரி. ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் றோக், பலாடின் என்று ஒரு வகுப்பு, அதாவது தொழில், உண்டு; தேர்ச்சியின் அளவுதான் படி. அடிக்கும்போது இருபது முகப் பகடையை உருட்டுவீர்கள். எதிரியின் கவச எண்ணை எட்டினால் அடி விழுந்தது. பிறகு ஆயுதத்துக்குரிய பகடையை உருட்டி, உங்கள் பலம் அல்லது லாவகத்துக்கான எண்ணைக் கூட்டினால் டமேஜ். அதற்கு மேலே திறமையாலோ மந்திரத்தாலோ வந்து சேர்வதுதான் போனஸ் டமேஜ். நாங்கள் விளையாடுவது ஐந்தாம் பதிப்பு. அதன் புத்தகம் 2014இல் வந்தது, 2024இல் திருத்தி வெளியிட்டார்கள். எங்களில் மூன்று பேரிடம் பழையது, இரண்டு பேரிடம் புதியது இருக்கின்றன. பாதிச் சண்டைக்குக் காரணம் அதுதான்.

ஆறுமுகம், நான்முகன் எண்டு கதைக்கிறியள், அது என்ன?

பகடைகள். டி6 ஆறுமுகம், டி4 நான்முகன், டி8 எண்முகம், டி12 பன்னிருமுகம். நல்லூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஆறு முகம் உள்ள ஒன்றுக்கு வேறு பெயர் வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. “ஆறுமுகத்தை உருட்டடா” என்று ஒருவன் கத்தியபோது, உள்ளே பூ கட்டிக்கொண்டிருந்த அம்மம்மா எழும்பி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இருபது விழுந்தா எல்லாம் இரண்டு மடங்குதானே அண்ணை?

இல்லை. பகடைதான் இரண்டு மடங்கு. எண் அப்படியே நிற்கும்.

இருபது முகப் பகடையில் 20 விழுந்தால் அது கிரிட்டிக்கல். அப்போது அந்த அடிக்குரிய டமேஜ் பகடைகள் எல்லாவற்றையும் இரண்டு தரம் உருட்ட வேண்டும். ஆயுதப் பகடை மட்டுமல்ல, ஸ்னீக் அட்டாக் (றோக் சமயம் பார்த்துக் குத்தும் போனஸ்) பகடையும் ஸ்மைட் (பலாடினின் தெய்வ சக்தி அடி) பகடையும் அதற்குள் அடக்கம். ஆனால் பலத்துக்கோ லாவகத்துக்கோ பக்கத்தில் நிற்கும் +4 போன்ற எண் ஒருக்காதான் கூடும்.

போன மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கரண்ட் போய் லாம்பு வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். எங்கட றோக் தம்பி ஐந்தாம் படியில் இருந்தான், கையில் ரேப்பியர் வாள். எதிரில் ஒரு ஓகர், அதற்கு உயிர் 30தான் மிச்சம். பகடை மேசை விளிம்பு வரை ஓடிப்போய் 20இல் நின்றது. அவன் உருட்டியது வாளுக்கு 5, ஸ்னீக் அட்டாக்கின் மூன்று ஆறுமுகத்தில் 11, லாவகத்துக்கு 4. மொத்தம் 20. “இரண்டால பெருக்கினா நாற்பது, ஓகர் சரி” என்று எழும்பியே விட்டான். இருக்கச் சொல்லி மற்ற நாலு பகடையையும் உருட்ட வைத்தேன். வாளுக்கு 2, மூன்று ஆறுமுகத்தில் 6. ஆக 28. ஓகருக்கு இரண்டு உயிர் மிச்சம் இருந்தது. அடுத்த அடியில் தம்பியின் ஆள் தரையில். அன்றிலிருந்து இந்தக் கேள்வியை அவன்தான் அதிகம் கேட்கிறான்.

சராசரி பார்த்தால் இவனுடைய சாதாரண அடி 19, கிரிட் 34. மொத்தத்தையும் இரட்டித்தால் 38. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மொத்தத்தை இரட்டிக்கும்போது நல்லது நல்லதாகவும் கெட்டது கெட்டதாகவும் பெருகும். தனித்தனியே உருட்டும்போது எண்கள் நடுவுக்கு வந்து சேரும். சில மேசைகளில் ஒரு தொகுதிப் பகடையை முழு எண்ணாக எடுத்து மற்றத் தொகுதியை மட்டும் உருட்டுவார்கள். கிரிட் விழுந்தும் சப்பென்று போகாமல் இருக்க அது நல்ல வழி. ஆனால் பூதங்களுக்கும் அதே விதி என்று முதலே சொல்லிவிட வேண்டும், அப்போது பாதிப்பேர் மனம் மாறிவிடுவார்கள்.

ஊதுகுழல் அம்புக்கு கிரிட் விழுந்தா?

ஒன்றும் நடக்காது! அதன் டமேஜ் வெறும் 1, பகடையே இல்லை. இல்லாததை இரண்டு தரம் உருட்டவும் முடியாது. வெறுங்கைக் குத்தும் அப்படித்தான்: 1 உடன் பலம், அவ்வளவுதான். மொங்க் வகுப்பு மாதிரிச் சிலருக்கு மட்டும் கைக்கே பகடை உண்டு. ஆனால் ஒரு றோக் ஊதினால் ஸ்னீக் அட்டாக் பகடைகள் இரட்டிக்கும், ஏனென்றால் ஊதுகுழலும் தூர ஆயுதம். ஈர்க்குக் குச்சியால் குத்தி மாட்டைச் சாய்த்த மாதிரி ஒரு காட்சி வரும். விதிப்படி சரி.

ஸ்னீக் அட்டாக் ஒரு சுற்றுக்கு ஒருக்காத்தானே?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள். முறைக்கு ஒருக்கா. சுற்றுக்கு ஒருக்கா இல்லை.

சுற்று என்றால் மேசையில் இருக்கும் எல்லோரும், பூதங்கள் உட்பட, ஒருக்கா ஆடி முடிப்பது. முறை என்றால் ஒருவருடைய ஆட்டம் மட்டும். உங்கள் முறையில் ஒரு ஸ்னீக் அட்டாக் போட்டுவிட்டீர்கள். பிறகு பூதத்தின் முறையில் அது உங்களைத் தாண்டி ஓடப்பார்க்கிறது. பக்கத்தில் இருந்து விலகுகிறவனை ரியாக்ஷன், அதாவது மற்றவர் முறையிலும் செய்யக்கூடிய பதில் செயல், செலவழித்து ஓர் அடி அடிக்கலாம். அது உங்கள் முறை இல்லை, பூதத்தின் முறை. ஆகவே அந்த முறைக்குரிய ஸ்னீக் அட்டாக் இன்னும் உங்களிடம் இருக்கிறது. நிபந்தனை பொருந்தினால் மறுபடி அத்தனை ஆறுமுகமும் உருட்டலாம்.

இதைக் கேட்டு எங்கட பலாடின் அக்கா “அநியாயம்” என்றார். அநியாயம் இல்லை. ரியாக்ஷன் சுற்றுக்கு ஒன்றுதான், அதனால் பொதுவாக இரண்டுக்கு மேல் போக முடியாது. றோக் வகுப்புக்கு மற்றவர்களைப் போல ஐந்தாம் படியில் இரண்டாவது அடி கிடைப்பதில்லை. அந்தக் குறையை ஈடுகட்ட அவன் இப்படி வேலியோரம் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒளிஞ்சு நிண்டாத்தான் ஸ்னீக் அட்டாக் வருமோ?

பெயர்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. ஒளிந்திருக்கத் தேவையில்லை, முதுகுப்பக்கம் நிற்கவும் தேவையில்லை. விளையாட்டு 1974இல் முதலில் வந்தபோது, றோக்கின் பழைய வடிவமான திருடன் வகுப்பே இல்லை. 1975இல் ஓர் இணைப்புப் புத்தகத்தில்தான் வந்தான். அப்போது அவன் பின்னால் போய்க் குத்தினால்தான் இரட்டை டமேஜ். முதுகு என்ற நிபந்தனை காலப்போக்கில் போய்விட்டது, பதுங்குகிற பெயர் மட்டும் மிஞ்சியது.

இப்போது கேட்பது இரண்டில் ஒன்று. உங்களுக்கு அட்வான்டேஜ் இருக்க வேண்டும், அதாவது இருபது முகப் பகடையை இரண்டு தரம் உருட்டிக் கூடியதை எடுக்கும் உரிமை. அல்லது எதிரிக்கு ஐந்து அடிக்குள் உங்கள் பக்க ஆள் ஒருவர் சுயநினைவோடு நிற்க வேண்டும், உங்களுக்கு டிஸ்அட்வான்டேஜ் இருக்கக் கூடாது. ஆயுதம் ஃபினெஸ் வகையாகவோ (பலத்தாலோ லாவகத்தாலோ வீசக்கூடியது) தூர ஆயுதமாகவோ இருக்க வேண்டும்.

இங்கே மூன்று விசித்திரங்கள் இருக்கின்றன. 2014 புத்தகம் கேட்பது உங்கள் நண்பனை இல்லை, எதிரிக்கு இன்னொரு எதிரியை. உங்களுக்கும் எதிரியான ஒரு ஓநாய் அந்தக் கொள்ளைக்காரனைக் கடித்துக்கொண்டு நின்றாலும் போதும். 2024இல் உங்கள் கூட்டாளி என்று மாற்றிவிட்டார்கள், ஓநாய்க்கு வேலை போய்விட்டது.

அடுத்தது இருட்டு. நீங்களும் எதிரியும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத கும்மிருட்டில் நிற்கிறீர்கள். அவனை உங்களுக்குத் தெரியாததால் டிஸ்அட்வான்டேஜ், உங்களை அவனுக்குத் தெரியாததால் அட்வான்டேஜ். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும், இரண்டுமே இல்லை என்றுதான் கணக்கு. டிஸ்அட்வான்டேஜ் இல்லாததால், பக்கத்தில் கூட்டாளி நின்றால் ஸ்னீக் அட்டாக் ஓடும். யாருக்கும் கண் தெரியாத இடத்தில் குறிபார்த்துக் குத்துவது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். கூட்டாளி மூச்சு வாங்கிற சத்தம் கேட்டது என்று கதையில் சொல்லிச் சமாளிக்கிறேன்.

மூன்றாவது, ஆயுதம் ஃபினெஸ் வகை என்றால் போதும், லாவகத்தால்தான் அடிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ரேப்பியரைப் பலத்தால் வீசலாம். பார்பேரியன் வகுப்பின் ஆவேச போனஸ் பலத்தால் அடிக்கும் அடிக்குத்தான் வரும். ஆகவே இரண்டு வகுப்பையும் கலந்தவன் ஆவேசத்தில் ரேப்பியரைப் பலத்தால் வீசினால் இரண்டு போனஸும் சேர்ந்தே வரும்.

ஹண்டர்ஸ் மார்க் ஒவ்வொரு அடிக்கும் வருது, ஸ்னீக் மட்டும் ஏன் ஒருக்கா?

மாடு எவ்வளவு தூரம் மேயும் என்று தெரிய மாட்டைப் பார்த்துப் பயனில்லை, எந்த முளையில் கட்டியிருக்கு என்று பார்க்க வேண்டும். ஹண்டர்ஸ் மார்க்கும் ஹெக்ஸும் ஓர் ஆளைக் குறிவைக்கும் மந்திரங்கள், அடியில் கட்டியவை: குறிவைத்த ஆளுக்கு அடி விழும் ஒவ்வொரு தடவையும் ஓர் ஆறுமுகம். ஐந்தாம் படி வார்லொக் வகுப்புக்காரர் ஒருவர் எல்ட்ரிச் பிளாஸ்ட் மந்திரத்தில் இரண்டு கதிர் விட்டால், இரண்டும் பட்டால், ஹெக்ஸ் இரண்டு தரம் வரும். ஸ்னீக் அட்டாக் முறையில் கட்டியது. ஸ்மைட் ஸ்லொட்டில் கட்டியது, அதாவது மந்திரச் சேமிப்பில். புதிய போனஸ் ஒன்று கண்டால் எத்தனை பகடை என்று எண்ணும் முன் அந்த வசனத்தில் “அடி விழும்போது” என்று இருக்கிறதா, “முறைக்கு ஒருக்கா” என்று இருக்கிறதா என்று தேடுங்கள். என்னிடம் கேட்க வேண்டி வராது.

பலாடின் ஸ்மைட்டை எப்ப சொல்ல வேணும்? உருட்ட முதலோ, பிறகோ?

பிறகு. அடி விழுந்தது தெரிந்த பின் சொன்னால் போதும். கிரிட் என்று தெரிந்த பின்னும் சொல்லலாம். அதனால்தான் எங்கட பலாடின் அக்கா சாதாரண அடிகளுக்கு வாயே திறப்பதில்லை, 20 விழுந்தவுடன் மட்டும் “ஸ்மைட்!” என்று மேசையில் தட்டுவார். முதலாம் நிலை ஸ்லொட்டுக்கு இரண்டு எண்முகம், கிரிட்டில் நாலு. எதிரி பேய் பிசாசு வகை என்றால் இன்னும் ஓர் எண்முகம், அதுவும் இரட்டிக்கும்.

2014இல் ஒரே முறையில் இரண்டு அடி விழுந்தால் இரண்டிலும் ஸ்மைட் போடலாம். 2024இல் அது மந்திரமாகவும் போனஸ் ஆக்ஷனாகவும் (முறைக்கு ஒன்றே கிடைக்கும் துணைச் செயல்) மாறியதால் முறைக்கு ஒன்றுதான். மந்திரம் ஆனதால் வேறு வில்லங்கங்களும் சேர்ந்தன: எதிரி மந்திரவாதி அதை முறிக்கலாம், சத்தம் அடங்கிய இடத்தில் உச்சரிக்க முடியாது, பார்பேரியன் வகுப்பையும் கலந்தவர் ஆவேசத்தில் இருந்தால் சொல்லவே முடியாது. பதிலுக்கு வெறுங்கைக் குத்துக்கும் இப்போது ஸ்மைட் உண்டு. அக்காவிடம் இருப்பது பழைய புத்தகம். இந்த விஷயத்தில் மட்டும் யார் புதுப் புத்தகம் கொண்டுவந்தாலும் அவருக்குக் கண் தெரியாது.

ரெசிஸ்டன்ஸ் எண்டா எதைப் பாதியாக்கிறது?

ரெசிஸ்டன்ஸ் என்றால் ஒரு வகை டமேஜைத் தாங்கும் தன்மை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்த பிறகு, கடைசியில் பாதி. அரைவாசி மிஞ்சினால் கீழே இறக்க வேண்டும்.

ஒரே வகை டமேஜை முதலில் ஒன்றாகக் கூட்டுங்கள். ரேப்பியர் 7, ஸ்னீக் 9, இரண்டும் குத்து வகை. 16இல் பாதி 8. தனித்தனியே பாதியாக்கினால் 3உம் 4உமாக 7 வரும், அது பிழை. வேறு வகை என்றால் பிரித்தே பாருங்கள்: வாளின் வெட்டு 9, அதில் எரியும் நெருப்பு 6, எதிரிக்கு நெருப்பு மட்டும் தாங்கும் என்றால் 9உம் 3உம்.

இரண்டு இடத்தில் இருந்து ஒரே ரெசிஸ்டன்ஸ் கிடைத்தாலும் பாதி பாதியாகிக் காலாவதில்லை. ஒருக்காதான்.

ரொறொன்ரோவில இருந்து வந்த மச்சான் இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் சேர்ந்தா நாலு எண்டுறார். கணக்குப் படிச்சவரோ?

படித்தவர்தான், அவர் வைத்திருப்பது 2003இல் வந்த 3.5 பதிப்பு. அங்கே கிரிட் விழுந்தால் பெருக்குவார்கள். ஆனால் பெருக்கத்துக்கு மேல் பெருக்கம் வந்தால் வட்டிக்கு வட்டி கிடையாது. ஒவ்வொரு பெருக்கமும் கொண்டுவரும் மேலதிகத்தை மட்டும் கூட்ட வேண்டும். குதிரையில் பாய்ந்து ஈட்டியால் குத்தினால் இரண்டு மடங்கு, மேலதிகம் 1. ஈட்டியின் கிரிட் மூன்று மடங்கு, மேலதிகம் 2. அடிப்படை ஒன்றோடு சேர்த்து நாலு. ஆறு இல்லை.

அந்தப் பதிப்பில் ஸ்னீக் அட்டாக் போன்ற போனஸ் பகடை கிரிட்டில் பெருகாது, பலம் போன்ற எண்தான் பெருகும். எங்களதுக்கு நேர்மாறு. மச்சான் இரண்டு கிழமை லீவில் வந்து எங்களோடு ஆடியபோது ஒவ்வொரு கிரிட்டும் ஒரு வழக்காகப் போனதற்கு அதுதான் காரணம்.

பெரிய வாளோ, பெரிய கோடாலியோ?

வாளுக்கு இரண்டு ஆறுமுகம், சராசரி 7. கோடாலிக்கு ஒரு பன்னிருமுகம், சராசரி 6.5. சாதாரணமாக வாள்தான். ஆனால் 2014 பார்பேரியனுக்கு ஒன்பதாம் படியில் கிரிட்டுக்கு மேலதிகமாக ஓர் ஆயுதப் பகடை கிடைக்கும். ஒன்று என்றால் ஒன்று: வாள்காரனுக்கு ஓர் ஆறுமுகம், கோடாலிக்காரனுக்கு ஒரு பன்னிருமுகம். அங்கே வாளின் கிரிட் சராசரி 17.5, கோடாலியினது 19.5. 2024இல் இந்தத் திறமையையே எடுத்துவிட்டு வேறொன்று வைத்தார்கள்.

டமேஜ் மைனஸில போகுமோ?

போகாது, பூச்சியத்தில் நிற்கும். பலம் குறைந்த மந்திரவாதி தடியால் அடித்து 1 விழுந்து, −1 ஆனால், அடி பட்டது, நோகவில்லை. 3.5இல் குறைந்தது 1 ஆவது உண்டு. இன்னொரு அற்பம்: இரண்டு கையிலும் ஆயுதம் வைத்து அடிக்கும்போது இரண்டாவது கை அடிக்குப் பலத்தின் எண் கூடாது. ஆனால் அந்த எண் மைனஸ் என்றால் மட்டும் கழியும். கொடுக்கும்போது மறந்துபோய், வாங்கும்போது மட்டும் ஞாபகம் வைத்திருக்கிற சீட்டுக்காரர் மாதிரி.

மேஜிக் மிசைல் மூன்று அம்புக்கும் ஒரே பகடையோ, மூன்று பகடையோ?

ஒரே நேரத்தில் படுகிற மந்திரத்துக்கு டமேஜ் ஒருக்கா உருட்டினால் போதும் என்றுதான் நான் வாசிக்கிறேன். ஒரு நான்முகனை உருட்டி, ஒன்று கூட்டி, மூன்று அம்புக்கும் அதே எண். சராசரி இரண்டு வழியிலும் 10.5தான். ஆனால் ஒரே பகடை என்றால் 6, 9, 12, 15 என்ற நாலு விடைதான், நாலில் ஒரு தரம் 15 விழும். தனித்தனி என்றால் 15 விழ அறுபத்துநாலில் ஒரு வாய்ப்பு. பத்தாம் படி எவோக்கர் மந்திரவாதி ஒரு டமேஜ் உருட்டலுக்குத் தன் அறிவின் எண்ணைக் கூட்டலாம். உருட்டல் ஒன்றே என்றால் அது மூன்று அம்பிலும் ஏறும், 5 என்றால் 15 கூட. எங்கட மந்திரவாதிப் பிள்ளை இப்போது எட்டாம் படியில் இருக்கிறாள், இந்தப் பந்தியை ஏற்கெனவே படம் பிடித்து வைத்திருக்கிறாள்.

பகடை வாங்கக் காசில்லை, என்ன செய்யலாம்?

நாங்கள் தொடங்கியது புளியங்கொட்டையில். இருபது கொட்டையில் 1 முதல் 20 வரை எழுதி, பால்மா ரின்னில் போட்டுக் குலுக்கி ஒன்று எடுப்பது. எடுத்ததைத் திரும்பப் போட்டே ஆக வேண்டும். ஒரு பெடியன் சின்ன எண்களை எடுத்ததும் மடியில் வைத்துக்கொண்டு, ரின்னில் பெரியவை மட்டும் மிஞ்சும்படி ஒரு மாதம் ஆடியிருக்கிறான். எழும்பும்போது சாரத்தில் இருந்து கொட்டியபோதுதான் தெரிந்தது. தாய விளையாட்டுச் சோகி வேண்டாம்: ஆறு சோகி போட்டால் மூன்று நிமிர்வதும் ஆறும் நிமிர்வதும் ஒரே அளவுக்கு விழாது.

விதி எழுதியதைக் காசில்லாமல் எங்க வாசிக்கலாம்?

அடிப்படை விதித்தொகுப்பைப் பதிப்பாளர்களே இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். 2014 விதிகளின் தொகுப்பு 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்துக்கு வந்தது. 2024 விதிகளுக்குரிய 5.2 அடுத்து 2025இல் வந்தது. பெயர் குறிப்பிட்டால் மொழிபெயர்க்கவும் அனுமதி உண்டு. ஸ்னீக் அட்டாக் பந்தியை நான் தமிழில் எழுதி விறாந்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், “முறைக்கு” என்ற சொல்லின் கீழ் சிவப்புக் கோடு.

புத்தகத்திலும் தெளிவில்லை எண்டா ஆர் சொல்றது சரி?

அந்த நேரத்துக்கு நான் சொல்வது. முந்நூற்றுநாலு சீட்டாட்டம் ஆடியவர்களுக்கு இது புதிதில்லை. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்பதில் ஊர் முழுக்க ஒற்றுமை, மற்ற நுணுக்கம் வீட்டுக்கு வீடு வேறு, ஆனால் சீட்டுப் போட முதல் பேசி வைத்துவிடுவார்கள். எங்கட மேசையில் அப்படிப் பேசி வைத்தவை கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. இப்போதைக்கு மூன்று: கிரிட்டில் பகடை மட்டும் இரட்டிக்கும். நஞ்சு தடவிய கத்தியில் நஞ்சில் இருந்து தப்ப எதிரி தனியாகப் பகடை உருட்டினால், அந்த நஞ்சு கிரிட்டில் இரட்டிக்காது. 2014உம் 2024உம் முட்டினால் அந்தக் கதாபாத்திரத்தை எந்தப் புத்தகத்தில் உருவாக்கினோமோ அதுவே செல்லும். மூன்றாவதுக்குக் கீழே அக்கா பென்சிலால் “நன்றி” என்று எழுதி வைத்திருக்கிறார்.